பத்து நாள் கரண்ட் வைப்பதற்கு முன்பு: கதிர்வீச்சு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். மூளைக்குப் பரவிய புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் தமிழ்நாட்டு மருத்துவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற பேதம் இதில் இல்லை. எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதும் இல்லை. புகார் கொடுப்பதென்றால் அதற்கு வேறு முகவரி உண்டு.

முழு மூளைக்கும் கதிர்வீச்சு கொடுத்தால், எங்கள் பேச்சில் கரண்ட் வைத்தால், ஞாபகசக்தி என்ன ஆகும் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லுங்கள். சிகிச்சைக்கு முன்பும் பின்பும் அதை அளந்து பாருங்கள். அதைக் காப்பாற்ற வழி இருந்தால், நாங்கள் கேட்கும்வரை காத்திராமல் எங்கள் முன் வையுங்கள். எங்களுக்குக் கேட்கத் தெரியாது.

என் அம்மா மதுரைப் பக்கம் பூ வியாபாரம் செய்பவர். கோயில் வாசலில் ஒரு குடை, ஒரு பலகை, ஈரச்சாக்கு போர்த்திய கூடை. அதோடு மாதக்கணக்கு வீடுகள். யார் வீட்டுக்குத் தினமும் எத்தனை முழம், வெள்ளிக்கிழமை யாருக்குக் கூடுதலாகக் கதம்பம், எந்த வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள், யார் போன மாதப் பாக்கியை இன்னும் இழுத்தடிக்கிறார்கள், எல்லாம் மனக்கணக்குதான். நோட்டு என்று ஒன்று வைத்துக்கொண்டதே இல்லை. மார்பகப் புற்றுநோய் வந்து ஆபரேஷன், கீமோ எல்லாம் முடித்துக் கடையைத் திரும்பப் போட்டபோதுகூட அந்தக் கணக்கு பிசகவில்லை.

பிறகு தலைவலி வந்தது. விடியற்காலையில் வாந்தி. ஒருநாள் வலிப்பு. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் மூளையின் இரண்டு பக்கமும் கட்டிகள், சிறுமூளையிலும் சில. வீக்கம் வடிய டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஏற்றினார்கள். மொத்தம் 30 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), பத்துத் தவணை, திங்கள் முதல் வெள்ளி வரை இரண்டு வாரம் தலை முழுக்கக் கரண்ட் வைப்பது என்று முடிவானது.

அந்த முடிவில் எனக்குக் குறையில்லை. அத்தனை கட்டிகளை ஒவ்வொன்றாகக் குறிவைப்பது நடக்கிற காரியம் இல்லை என்று பின்னால் படித்துப் புரிந்துகொண்டேன். தலைவலி போனது. வாந்தி நின்றது. அம்மா எழுந்து நடந்தார். அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. சிகிச்சைக்கு முந்தைய நாள் எங்களிடம் சொன்னவை இவை: முடி கொட்டும், அசதியாக இருக்கும், வாந்தி வரலாம், தலைத்தோல் கறுக்கும், காது அடைத்த மாதிரி இருக்கலாம். எல்லாம் சரி, எல்லாம் வந்தன. ஆங்கிலத்தில் அச்சடித்த ஒப்புதல் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். அம்மாவை உள்ளே கூட்டிப்போய் வெந்நீரில் இளக்கிய வலைப் பிளாஸ்டிக்கை முகத்தில் அழுத்தி மாஸ்க் செய்தார்கள். வெளியே வரும்போது நெற்றியிலும் கன்னத்திலும் சின்னச்சின்னக் கட்டமாகத் தடம் பதிந்திருந்தது. ஞாபகம் என்ற பேச்சே அந்த நாளில் எழவில்லை.

மூன்றாவது மாதம் வாக்கில் ஆரம்பித்தது. ஒரே வீட்டுக்கு ஒரே காலையில் இரண்டு தடவை பூக் கொடுத்தார். பாக்கி தீர்த்தவர்களிடம் திரும்பக் கேட்டார். அவர்கள் சங்கடப்பட்டுக்கொண்டு என்னிடம் வந்து சொன்னார்கள். பழைய சங்கதி எதுவும் மறக்கவில்லை. என் அத்தை கல்யாணத்தில் பந்தியில் என்ன சண்டை என்பதுவரை சொல்வார். காலையில் யார் வந்து போனார்கள் என்பது நிற்காது. கை மட்டும் அப்படியே இருந்தது. மல்லிகையை இரண்டு இரண்டாக எதிரெதிரே வைத்து நாரைச் சுற்றி இழுக்கும் வேகம் குறையவேயில்லை. பேசிக்கொண்டே, பார்க்காமலே கட்டுவார்.

ரிவ்யூவுக்குப் போனோம். "பூக் கட்டுறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "கட்டுறேன் சார்" என்றார் அம்மா. உண்மைதான். "ஸ்கேன் நல்லா இருக்கு, வேலையும் பார்க்குறாங்க, பிரமாதம்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். கை பழகிய வேலையை வைத்துக்கொள்ளும் இடம் மூளையில் வேறு, புதிதாக நடந்ததைப் பதிந்துகொள்ளும் இடம் வேறு என்பது உங்களுக்குத் தெரியாததா? இரண்டு நிமிட ரிவ்யூவில் முதலாவதைத்தான் பார்க்க முடியும். இரண்டாவதை யாராவது உட்கார்ந்து சோதித்தால்தான் தெரியும்.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனால் இந்த ஒரு விஷயத்தைப் படித்தேன். நீங்கள் அறிந்த சங்கதிதான், இந்த மடலைப் படிக்கும் மற்ற வீட்டாருக்காகச் சொல்கிறேன். மூளையின் பக்கவாட்டில், உள்ளே மடிந்த மாதிரி ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இருக்கிறது, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. இன்று நடந்ததை நாளைக்கு எடுத்துவைப்பது அதன் வேலை. பிரிந்து பெருகும் செல்களைக் கதிர்வீச்சு அதிகமாகத் தாக்கும். புற்றுநோய் செல்லை அது கொல்வதும் அப்படித்தான். ஹிப்போகேம்பஸில் புது நரம்பு செல்களை உண்டாக்கும் மூல செல்களையும் அது அதேபோல் தாக்குகிறது என்பதை மிஷெல் மோன்ஜேயும் சகாக்களும் எலிகளில் காட்டினார்கள். 2002-இல் வந்த ஆய்வு அது. இதோடு நுண்ணிய ரத்தக்குழாய்களும் நரம்பிழைகளின் மேலுறையும் மெல்ல மெல்லக் கெடுவது தனி. சேதம் உடனே தெரியாமல் மாதங்கள் கழித்துத் தெரிவது இதனால்தான். வீட்டார் இதைச் சிகிச்சையோடு முடிச்சுப் போடாமல் விட்டுவிடுவதும் அதனால்தான். எங்கள் வீட்டில் ஒருவர் வயசு என்றார், ஒருவர் கவலை என்றார், இன்னொருவர் வீம்பு என்றார்.

எவ்வளவு பேருக்கு இப்படி ஆகிறது என்ற கணக்கும் இருக்கிறது. 2009-இல் அமெரிக்காவில் எம்.டி. ஆண்டர்சன் மையத்தின் எரிக் சாங் குழு வெளியிட்ட ஆய்வில் 58 பேர். கட்டியை மட்டும் குறிவைத்துக் கொடுக்கும் ரேடியோசர்ஜரி ஒரு பிரிவுக்கு, அதோடு முழு மூளைக் கதிர்வீச்சும் மறு பிரிவுக்கு. நான்காம் மாதத்தில் கற்றலும் நினைவும் சரிவதற்கான வாய்ப்பு முதல் பிரிவில் 24 சதவீதம், இரண்டாவதில் 52 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2016-இல் பால் பிரவுன் குழுவின் பெரிய ஆய்வு வந்தது: ஒன்று முதல் மூன்று கட்டிகள் உள்ள 213 பேர். மூன்றாம் மாதத்தில் ரேடியோசர்ஜரி மட்டும் பெற்றவர்களில் 63.5 சதவீதம் பேருக்கும், முழு மூளைக் கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களில் 91.7 சதவீதம் பேருக்கும் மூளைத்திறனை அளக்கும் ஏதாவது ஒரு சோதனையில் சரிவு. சேர்த்துக் கொடுத்ததால் ஆயுள் கூடவில்லை.

நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த 63.5 சதவீதத்தைக் கவனியுங்கள். முழு மூளைக்கும் கரண்ட் வைக்காதவர்களுக்கே அவ்வளவு. கட்டியே ஞாபகத்தைத் தின்னும். வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, கீமோ, தூக்கமின்மை என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். முழு மூளைக் கதிர்வீச்சு இல்லாவிட்டால் மூளையில் வேறு இடங்களில் புதுக் கட்டி முளைப்பதும் அதிகம். அந்த ஆய்விலேயே ரேடியோசர்ஜரி மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பழைய இடத்திலோ புது இடத்திலோ, ஓராண்டுக்குள் மூளையில் கட்டி மறுபடி தலைதூக்கியது. ஆகவே ரேடியோசர்ஜரி மட்டும் என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும். பஸ் செலவுக்கே யோசிக்கும் குடும்பம் அதற்கு வராமல் போகும் என்று நினைத்து நீங்கள் முழு மூளைக் கதிர்வீச்சுக்கு முடிவெடுக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அப்படியிருந்தால் அந்தக் காரணம் நியாயமானதுதான். ஆனால் அதை எங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். "மூணு மாசத்துக்கு ஒருதரம் தவறாம ஸ்கேனுக்கு வர முடியுமா? முடியும்னா ஒரு வழி, முடியாதுன்னா இன்னொரு வழி" என்று கேட்டால் எங்களால் பதில் சொல்ல முடியும். கம்மலை அடகு வைத்தாவது வருகிறோம் என்று சிலர் சொல்லக்கூடும். முடியாது என்று சொல்பவர்களும் யோசித்துத்தான் சொல்வார்கள்.

ஒன்றிரண்டு கட்டிகளோடு வருபவர்களுக்கு ரேடியோசர்ஜரிக்கு மேல் முழு மூளைக் கதிர்வீச்சை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்கக் கதிர்வீச்சுப் புற்றுநோய் சங்கமான ஆஸ்ட்ரோ 2014-லேயே பகிரங்கமாக அறிவுறுத்தியது. ஜப்பானில் யமமோட்டோ குழு 1,194 நோயாளிகளை வைத்து, ஐந்து முதல் பத்துக் கட்டி உள்ளவர்களும் இரண்டு முதல் நான்கு கட்டி உள்ளவர்கள் அளவுக்கே ரேடியோசர்ஜரிக்குப் பின் வாழ்கிறார்கள் என்று அதே ஆண்டில் காட்டியது. அந்தக் கருவி உங்கள் மருத்துவமனையில் இல்லையென்றால், இருக்கும் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். அனுப்பிவைப்பதில் உங்களுக்கு ஒரு குறைவும் இல்லை.

அம்மாவைப் போல முழு மூளைக்கும் கொடுத்தே தீர வேண்டியவர்களுக்கும் இரண்டு வழிகள் இருக்கின்றன. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இந்த இடத்தில்தான்.

முதலாவது ஒரு மாத்திரை. மெமன்டின். அல்சைமர் நோயாளிகளுக்குப் பல வருடங்களாகக் கொடுப்பது. கதிர்வீச்சு தொடங்கும்போதே ஆரம்பித்து, முதல் வாரம் 5 மில்லிகிராம் என்று படிப்படியாக ஏற்றி நாளுக்கு 20 மில்லிகிராம், மொத்தம் 24 வாரம். 2013-இல் வெளியான ஆய்வில், 24 வாரத்தில் மூளைத்திறன் சரிவதற்கான வாய்ப்பு மாத்திரை எடுத்தவர்களுக்கு 53.8 சதவீதம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 64.9 சதவீதம். ஆய்வாளர்கள் முதன்மையாகக் குறிவைத்த அளவீட்டில் முடிவு மயிரிழையில் தவறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாயம் எதுவும் இல்லை. ஆனாலும் பெரிய பக்கவிளைவு இல்லாத, சாதாரண மருந்துக்கடையில் கிடைக்கிற மாத்திரை. இதை எழுதித்தர விலையுயர்ந்த மெஷின் எதுவும் வேண்டாம்.

இரண்டாவது, ஹிப்போகேம்பஸை ஒதுக்கிவிட்டு மீதி மூளைக்குக் கொடுப்பது. அந்த இடத்துக்குப் பக்கத்தில் கட்டி இருப்பது நூற்றில் பத்துக்கும் குறைவான நோயாளிகளுக்குத்தான். வினய் கோண்டி குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் செய்தவர்களுக்கு நான்காம் மாதத்தில் சற்று நேரம் கழித்துச் சொற்களை நினைவுகூரும் திறன் சராசரியாக 7 சதவீதம்தான் குறைந்தது. பழைய முறையில் அது 30 சதவீதம். அடுத்து 518 பேரை இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2020-இல் வந்தது. இரண்டு பிரிவுக்கும் மெமன்டின், ஒரு பிரிவுக்கு மட்டும் ஹிப்போகேம்பஸை ஒதுக்கல். ஒதுக்கியவர்களுக்குச் சரிவின் ஆபத்து கால்பங்கு குறைந்தது. கட்டி கட்டுப்படுவதிலும் ஆயுளிலும் குறை எதுவும் வரவில்லை. நான்கு மாதமாவது வாழ வாய்ப்புள்ளவர்களுக்கு, அந்த இடத்தில் கட்டி இல்லையென்றால், இந்த இரண்டையும் கொடுக்கச் சொல்லி அமெரிக்காவின் மூன்று மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வழிகாட்டுதலும் வெளியிட்டுவிட்டன.

கோபால்ட் மெஷின் என்ற பழைய வகைக் கதிர்வீச்சுக் கருவியில் இது முடியாது, தெரியும். லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற புது வகைக் கருவி வேண்டும், மெல்லிய துண்டுகளாக எடுத்த எம்.ஆர்.ஐ. வேண்டும், ஹிப்போகேம்பஸை வரைய நேரம் வேண்டும், இயற்பியலாளர் உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். இரண்டு பக்கமும் நேராகக் கதிர் பாய்ச்சும் பழைய முறை என்றால் வேலை சீக்கிரம் முடியும். வெளியே பெஞ்சு முழுக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். அந்தப் பெஞ்சில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோருக்கும் செய்யுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வராது. வலிப்பும் மயக்கமுமாக ஸ்ட்ரெச்சரில் வருபவருக்கு நாளைக் கடத்த முடியாது. நடந்து வருபவருக்கு, சொந்த வேலையைச் செய்துகொண்டு இருப்பவருக்கு, ஒருசில நாள் தள்ளி ஆரம்பிப்பதால் ஆபத்தில்லை என்று நீங்கள் கருதுபவருக்கு மட்டுமாவது யோசிக்கலாமே. காப்பீட்டுத் திட்டத்துக்கான தொகையை நிர்ணயிக்கும் அதிகாரிகளிடம் இந்த முறைக்குத் தனித் தொகை கேட்டு எழுத வேண்டியதும் நீங்கள்தான். நாங்கள் எழுதினால் யார் படிப்பார்கள்?

அளந்து பார்ப்பதைப் பற்றி. 12 சொற்களை வாசித்துக் காட்டித் திரும்பச் சொல்லச் சொல்வது, அதையே மூன்று தடவை செய்வது, இருபது இருபத்தைந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்பது. மேலே சொன்ன ஆய்வுகளில் ஞாபகத்தை அளந்தது இப்படித்தான். ஞாபகத்தையும் சிந்தனையையும் சோதிக்கும் மோகா என்ற சோதனைக்குத் தமிழ் வடிவமே இருக்கிறது. மனநல நிபுணர் இல்லாத இடத்தில் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரோ சமூகப் பணியாளரோ செய்யலாம். மாஸ்க் செய்யக் காத்திருக்கும் நேரம் போதும். 401 நோயாளிகளை வைத்து 2004-இல் வந்த ஓர் ஆய்வில், சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே 90 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு சோதனையில் குறை தெரிந்தது. ஆகவே முன்னால் அளக்காமல் பின்னால் மட்டும் அளந்தால், எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சோதனைக்குக்கூட நேரமில்லை என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்க என்ன வேலை செய்றீங்க, அதுல எதெல்லாம் மனசுல வச்சுக்கணும்?" பூக்காரிக்கு மாதக்கணக்கு, ஆட்டோக்காரருக்கு வழி, டெய்லருக்கு அளவு, சமையல்காரருக்குப் பக்குவம். கேஸ் ஷீட்டில் அந்த ஒரு வரி இருந்தால் அடுத்த ரிவ்யூவில் எதைக் கேட்பது என்று அங்கேயே எழுதியிருக்கும்.

முன்கூட்டியே சொல்வதால் இன்னொரு பிரயோஜனமும் உண்டு. பாங்க் கணக்கு எங்கெங்கே, நகை அடகுச் சீட்டு எந்தப் பெட்டியில், யாருக்குக் கைமாற்று கொடுத்தது, எந்த வீட்டில் எவ்வளவு பாக்கி என்று ஒருநாள் உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ளலாம். அம்மா அதைத்தான் என்னிடம் சொன்னார், கோபமாகவே: "முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு நோட்டு போட்டிருப்பேன்ல." இப்போது நோட்டு போட்டிருக்கிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம், பூக் கொடுத்ததும் ஒரு கோடு. கோடு போட மறக்கும் நாளும் உண்டு. விட்டுப்போன பாக்கி எவ்வளவு என்பது இனி யாருக்கும் தெரியாது.

சொல்வதை நோயாளியிடமே சொல்லுங்கள். மகனை, மருமகனை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, உள்ளே இருப்பவரிடம் "ஒண்ணுமில்லம்மா, லேசா லைட் வைக்கிறோம்" என்று சிரிப்பது நம் ஊரில் பழகிப்போன அன்பு. வீட்டாரும் அதைத்தான் கேட்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே போகப்போவது அவருடைய ஞாபகம். கேட்டுவிட்டுப் பயப்படுவார் என்றால் பயப்படட்டும். மார்பை எடுத்ததைத் தாங்கியவர் இதையும் தாங்குவார்.

பின்னால் சரிவு வந்த பிறகும் கையை விரிக்காதீர்கள். ஸ்டீராய்டைக் குறைக்கலாமா, வலிப்பு மாத்திரையை மாற்றலாமா, மூளைக்குள் நீர் கோத்திருக்கிறதா, மனச்சோர்வு இருக்கிறதா, தூக்கம் எப்படி என்று பார்த்தால் ஓரளவு மீளக்கூடியதும் இருக்கும். "இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்ற வாக்கியத்தை அதற்குப் பிறகு சொல்லலாம்.

நோய் முற்றி, ரேடியோசர்ஜரிக்கும் ஆபரேஷனுக்கும் இடமில்லாத நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு வேறு கணக்கு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 538 பேரிடம் நடத்திய குவார்ட்ஸ் ஆய்வு 2016-இல் வந்தது. முழு மூளைக் கதிர்வீச்சு பெற்றவர்கள் சராசரியாக 9.2 வாரம் வாழ்ந்தார்கள், ஸ்டீராய்டும் பராமரிப்பும் மட்டும் பெற்றவர்கள் 8.5 வாரம். மிச்சமிருக்கும் அத்தனை நாளில் எத்தனை நாளை மருத்துவமனை பெஞ்சில் கழிப்பது என்று தீர்மானிக்க அந்தக் குடும்பத்துக்கும் இந்த எண்கள் தெரிய வேண்டாமா?

கடைசியாக, ஒப்புதல் தாளில் சேர்க்கச் சில வரிகளை நானே எழுதித் தருகிறேன். திருத்த வேண்டியதைத் திருத்திக்கொள்ளுங்கள், தமிழில் மட்டும் அச்சடியுங்கள்:

"இந்தச் சிகிச்சைக்குப் பிறகு, சில மாதங்களில், புதிதாக நடப்பதை நினைவில் வைத்துக்கொள்வது கடினமாகலாம். பலருக்கு இப்படி ஆகிறது. இதைக் குறைக்க மாத்திரையும், சிலருக்கு வேறு கதிர்வீச்சு முறையும் உண்டு. அவை எனக்குப் பொருந்துமா, பொருந்தாதென்றால் ஏன் என்று மருத்துவர் எனக்கு விளக்கினார். என் ஞாபகசக்தியை இன்று சோதித்தார்கள். அடுத்த சோதனை நடக்கும் தேதி:"

தேதிக்குப் பக்கத்தில் நோயாளியின் கையெழுத்துக்கு இடம் விடுங்கள். மகளின் கையெழுத்து அதற்குக் கீழே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பூக்காரம்மாவின் மகள்